கைக்குள் நான்கு குச்சிகள்

நேற்று சிங்கப்பூர்த் தேக்காவில் தே குடித்துக்கொண்டே மாமா முழங்கை மடிப்பைத் தடவினார். ஊசித் தழும்பு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஹெராயின் பழக்கத்தைக் கைவிடத் தந்த சுபுடெக்ஸ் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காமல், கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டவர். 2006 ஆகஸ்டில் அதுவே இங்கே, மிகக் கடுமையான தண்டனைக்குரிய ஏ வகைப் போதைப்பொருளானது.

சுபுடெக்ஸில் இருக்கும் அதே புப்ரெனார்ஃபின் மருந்தைத் தீக்குச்சியைவிடக் குட்டையான நான்கு குச்சிகளாக மேல்கையின் தோலுக்கடியில் வைக்க 2016-இல் அமெரிக்கா அனுமதித்தது என்றேன். ஆறு மாதம் மருந்து மெல்லக் கசியும். குறைந்த அளவு மருந்திலேயே ஏற்கெனவே நிலைப்பட்டவர்களுக்கு மட்டும்தான். வைக்கவும் எடுக்கவும் தோலைக் கீற வேண்டும். 2020-இல் அங்கே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

“அப்போ இருந்திருந்தா, கரைக்க ஒண்ணும் இருந்திருக்காதுல்ல?”

சரி, மாமாவை எனக்குத் தெரியாதா! “நீங்க தோலைக் கிழிச்சு எடுத்திருப்பீங்க.”

சிரித்தார். அப்புறம் இன்னொரு தே சொன்னார்.