பாலிக் பூலாவ் டுரியான் சரிவுல மெஷ் நெட்வொர்க்: எந்த நோடு எது வழியா பேசுதுன்னு பார்க்க ஆரம்பிச்சாச்சு

பினாங்கு பாலிக் பூலாவ்ல நண்பரோட டுரியான் தோட்டத்துல 11 நோடு போட்டிருக்கேன், மண் ஈரத்த அளந்து ரேடியோவுல அனுப்புற சின்னப் பெட்டிங்க, ஒண்ணு இன்னொண்ணு வழியா தகவல கடத்தும், அதான் மெஷ். 11ல இருந்தும் மண் ஈரம் இப்ப வந்துக்கிட்டு இருக்கு. டுரியான் பூக்குறதுக்கு கொஞ்ச நாள் நல்லா காயணும், அப்புறம் அளவா தண்ணி விடணும், காய்ச்சலும் பாய்ச்சலும்னு நம்ம ஊர்ப் பெருசுங்க சொல்வாங்களே அதேதான், அதனால அந்த நம்பர் அவருக்கு ரொம்ப முக்கியம். ஆனா டேட்டா வருதுங்கிறத வச்சு மட்டும் நெட்வொர்க் நல்லா இருக்குன்னு நெனச்சிடக் கூடாது லா, இந்தப் பதிவு முழுக்க அதப் பத்திதான்.

செட்டப் சுருக்கமா: நோடு எல்லாம் என்ஆர்எஃப்52840 சிப், சாஃப்ட்வேர் கொன்டிக்கி என்ஜிங்கிற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம், ரூட்டிங் (எது வழியா போகணும்னு முடிவு பண்றது) ஆர்பிஎல், பொண்டோக்ல (தோட்டத்துக் குடிசை) ஒரு ராஸ்பெர்ரி பை குட்டிக் கம்ப்யூட்டர், அதுல செருகுன ரேடியோ டாங்கிள்தான் ரூட், எல்லா டேட்டாவும் கடைசியா வந்து சேர்ற இடம். நோடோட ரேடியோ சேனல் 26 (இது 802.15.4ங்கிற ரேடியோ முறையோட நம்பர், வைஃபை நம்பர் வேற), ஏன்னா பொண்டோக்ல இருக்குற வைஃபை சேனல் 11ல ஓடுது, 26 அதுக்கு மேல தள்ளி 2480 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கு, ரெண்டும் மோதிக்காது.

மொதல்ல ரூட்டோட ஷெல்லுல ரூட்டிங் டேபிள பார்த்துக்கிட்டு இருந்தேன். அதுல எல்லா நோடும் அதோட பேரண்டும் (ரூட் பக்கம் தகவல கைமாத்தி விடுற அடுத்த நோடு) அழகா தெரியும், ஆனா அது அந்தந்த நோடு கடைசியா அனுப்புன டிஏஓ மெசேஜ (என் பேரண்ட் இதுதான்னு ரூட்டுக்கு சொல்றது) வச்சு எழுதுன பட்டியல், அதோட லைஃப்டைம் முடியுற வரைக்கும் செத்துப்போன நோடு கூட உயிரோட இருக்குற மாதிரிதான் காட்டும். பேட்டரிய கழட்டிட்டு பாருங்க, ரொம்ப நேரம் அந்த வரி அங்கயே நிக்கும். இன்னொரு பக்கம், கன்ட்ரோல் மெசேஜ் வரலன்னா பிரச்சனைன்னும் சொல்ல முடியாது. ஆர்பிஎல்ல டிரிக்கிள்னு ஒரு டைமர் இருக்கு, நெட்வொர்க் அமைதியா இருக்க இருக்க டிஐஓ மெசேஜுக்கு (ரூட்டுக்கு இந்த வழியா வரலாம்னு பக்கத்து நோடுக்கு அறிவிக்கிறது) நடுவுல இடைவெளி ரெண்டு ரெண்டு மடங்கா கூடும், கொன்டிக்கி என்ஜி டிஃபால்ட்ல 4 செகண்ட்ல ஆரம்பிச்சு 17 நிமிஷத்துக்கு மேல போயிடும். பேட்டரிய மிச்சம் பண்ற அருமையான ஐடியா அது, ஆனா வெளிய இருந்து பார்க்குறவனுக்கு அந்த அமைதிய வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால கண்காணிப்ப நோடு கையிலயே குடுத்துட்டேன். ஒவ்வொரு மண் ஈர பாக்கெட் பின்னாடியும் சீக்வென்ஸ் நம்பர், பேரண்டோட அட்ரஸ்ல கடைசி 2 பைட், ரேங்க் (ரூட்டுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிற மதிப்பு), பேரண்டுக்கு ஈடிஎக்ஸ் (ஒரு பாக்கெட் போய்ச் சேர சராசரியா எத்தன தடவ அனுப்பணும்), ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்), எத்தன தடவ பேரண்ட் மாத்துச்சு, எத்தன தடவ ரீபூட் ஆச்சு, பேட்டரி வோல்டேஜ், எல்லாம் சேர்த்து 13 பைட். 802.15.4 ஃபிரேம் மொத்தமே 127 பைட்தான், ஆனாலும் இது தாராளமா இடம் பிடிச்சுக்குது. பேரண்ட் மாறும்போது ஆர்பிஎல் ஒரு கால்பேக் (நாம எழுதி வச்ச ஃபங்ஷன்) கூப்பிடும், அதுல ஒரு கவுண்டர ஏத்துனா போதும். ரீபூட் கவுண்டர மட்டும் ஃபிளாஷ்ல எழுதி வைக்கணும், இல்லன்னா சீக்வென்ஸ் நம்பர் சட்டுனு சின்னதா ஆகுறப்ப நோடு ரீசெட் ஆச்சா பாக்கெட் முன்ன பின்ன வந்துச்சான்னு பிரிச்சுப் பார்க்க முடியாது.

பை பக்கம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ்ல போடும், கிராஃப்விஸ்ங்கிற டூல்ல படம் வரையும்: நோடுல இருந்து பேரண்டுக்கு ஒரு கோடு, ஈடிஎக்ஸ் ஏறுனா கோடு சிவக்கும், வழக்கமான மூணு ரிப்போர்ட் நேரம் தாண்டியும் சத்தமில்லன்னா நோடு சாம்பல் கலர். நான் படத்த விட பழைய ஹிஸ்டரியதான் ரொம்ப பார்க்குறேன், ஏன்னா இந்த நிமிஷம் எப்படி இருக்குங்கிறது பெருசா ஒண்ணும் சொல்லாது, நேத்து ராத்திரி மழையில என்ன நடந்துச்சுங்கிறதுதான் சொல்லும்.

அந்த மழைதான் விஷயத்த வெளிய கொண்டு வந்துச்சு. சரிவோட கீழ்ப் பக்கம் இருக்குற அஞ்சு நோடும் பாதி வழியில ஒரு ஆங் ஹே (டுரியான்ல ஒரு ரகம்) மரத்துல கட்டுன 6ஆம் நம்பர் நோடு வழியாத்தான் மேல வருது, வெயில்ல அதோட ஈடிஎக்ஸ் 1.1 கிட்ட, எந்தக் கவலையும் இல்ல. நல்லா மழ பெஞ்சு இலையெல்லாம் நனைஞ்சதும் 3 தாண்டிடுச்சு, ஒரு பாக்கெட் போய்ச் சேர மூணு தடவ அனுப்புது, கீழ இருக்குற அஞ்சும் வேற பேரண்ட் தேடி மாறி மாறி தாவுது. தண்ணி 2.4 கிகாஹெர்ட்ஸ நல்லா உறிஞ்சும், அடர்த்தியான ஈர இல பெரிய தடுப்பு. ஆனா அதே நேரம் 6ஆம் நம்பரோட ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 84, மைனஸ் 86ன்னு சுமாராத்தான் இறங்கியிருக்கு, அத மட்டும் பார்த்தா லிங்க் ஓகேன்னுதான் தோணும். காரணம் ஆர்எஸ்எஸ்ஐ வந்து சேர்ந்த பாக்கெட்டுக்கு மட்டும்தான் கணக்கு, தொலைஞ்சது கணக்குலயே வராது, வகுப்புக்கு வந்த பசங்கள மட்டும் எண்ணிட்டு எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்ற மாதிரி. ஈடிஎக்ஸ் அப்படி இல்ல, அக் (கிடைச்சுதுன்னு சொல்ற பதில்) திரும்பி வந்தாத்தான் அதுக்கு வெற்றி, அதனால போற வழி வர்ற வழி ரெண்டுல எது கெட்டாலும் அதுல தெரிஞ்சிடும். ஒரே ஒரு நம்பர்தான் பார்க்க முடியும்னா நான் ஈடிஎக்ஸத்தான் எடுப்பேன், கூடவே சீக்வென்ஸ் நம்பர்ல விழுந்த ஓட்டையையும்.

தாவுறத குறைக்க பேரண்ட் மாத்துற த்ரெஷோல்ட ஏத்தலாம், ஆர்பிஎல் பேரண்ட் தேர்ந்தெடுக்குற விதிய சொல்ற ஆவணம் ஆர்எஃப்சி 6719 சொல்றது 192 (128ன்னா ஒரு ட்ரான்ஸ்மிஷன்), அதாவது ஒன்றரை ட்ரான்ஸ்மிஷன் அளவு வித்தியாசம் இருந்தாத்தான் மாறணும்னு. ஏத்துனா தாவல் குறையும், ஆனா கெட்டுப்போன லிங்க்லயே கொஞ்ச நேரம் தொங்கிக்கிட்டு இருக்கும். எனக்கு அது சரியான மருந்தா தெரியல, ஏன்னா இங்க குறை அல்காரிதத்துல இல்ல, மேல வர வேற நல்ல வழியே கிடையாது.

அதனால தோட்டத்து தவ்கேகிட்ட (முதலாளி) கேட்டு தண்ணித் தொட்டி பக்கத்து இரும்புக் கம்பத்துல, இலைக்கு மேல நிக்குற உயரத்துல, ரூட்டர் வேலைக்கு மட்டும் ஒரு நோடு வைக்கப் போறேன், சின்ன சோலார் பேனலோட. இரும்ப ஒட்டி இருந்தா ஆன்டெனா கெட்டுடும், ஒரு முழம் தள்ளி பிவிசி குழாயில நீட்டி கட்டணும். செப்டம்பர் அக்டோபர் மழை ஆரம்பிச்சதும் கீழ இருக்குற அஞ்சுல எத்தன அந்தப் பக்கம் போகுது, 6ஆம் நம்பரோட பேட்டரி இறங்குற வேகம் குறையுதான்னு அந்த 13 பைட்டே சொல்லிடும், அடுத்த பதிவுல கிராஃபோட போடுறேன்.