காலண்டர் தாளில் 48 கோடுகள்

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு

விடிந்ததும் முதலில் கேட்டது அக்காவின் வாய்ஸ் நோட். "தம்பி, லைனேவுக்கு முட்டி போச்சுடா." குரலே சரியில்லை. போன மாதம்தான் எங்கள் ஐஸ் ஹாக்கி அணியான மான்ட்ரியல் கனேடியன்ஸ், கொலம்பஸ் அணியிடமிருந்து பட்ரிக் லைனேவை எடுத்தது. கோல் அடிக்க ஆள் கிடைத்துவிட்டது என்று அவளும் நானும் பேசாத நாளில்லை. டொராண்டோவுடன் ஒரு பயிற்சி ஆட்டம், ஒரு மோதல், அவ்வளவுதான்.

புதிதாக இங்கே வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. மான்ட்ரியலில் அக்கா வீட்டில் நான்கு வருடம் இருந்தேன். அங்கே பிடித்துக்கொண்டதுதான் இந்த ஐஸ் ஹாக்கி. மான்ட்ரியல் கனேடியன்ஸ் 1909-இல் தொடங்கிய அணி, ஊர்க்காரர்கள் ஹாப்ஸ் என்பார்கள். 24 ஸ்டான்லி கோப்பைகள் வாங்கியிருக்கிறார்கள், என்.எச்.எல். என்ற அந்த வட அமெரிக்க லீகில் வேறு யாரிடமும் அத்தனை இல்லை. கடைசியாக வாங்கியது 1993. போன சீசனில் 82 ஆட்டம் ஆடி 76 புள்ளி, எங்கள் பிரிவில் கடைசி இடம். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குத் திரும்பி வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊர் மாறியது, அணி மாறவில்லை.

அக்டோபர் 9, புதன் இரவு

லைனே இரண்டு மூன்று மாதம் ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் இல்லாமலே நாளை சீசன் தொடங்குகிறது. சொந்த மைதானத்தில், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸுடன். அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்கு விடிகாலை நாலரை.

அச்சகத்தில் ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நெருக்கடி, ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மா கொலுவுக்குச் சுண்டல் எடுத்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "நாளைக்கு ஃபிரெஞ்சுல கமென்ட்ரி சொல்லுவாங்களா?" சொல்லுவார்கள் என்றேன். "அப்ப என்னையும் எழுப்பு."

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். ஜூலை 14 வந்தால் மெடல்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு பீச் ரோட்டில் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். கியூபெக் ஃபிரெஞ்சு அவர் காதுக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது. ஆனாலும் கேட்கப் பிடிக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

1-0. ஜெயித்துவிட்டோம்!

நாலேகாலுக்கு அலாரம் அடித்தபோது ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்பே அப்பா எழுந்துவிட்டார். காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, பழைய டைரி ஒன்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் பென்சில். "கோலை நோக்கி எத்தனை அடி வருதுன்னு எண்ணப் போறேன்" என்றார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து ஐந்தாக. பட்டாளத்துப் பழக்கம்.

"முகமூடி போட்டவன் யாரு?"

"சாம் மான்டெம்போப்பா. நம்ம கோல்கீப்பர்."

ஆட்டம் தொடங்குவதற்குள் அவன் கதையைச் சொன்னேன். பெக்கான்கூர் என்ற கியூபெக் ஊர்க்காரப் பையன். 2021 அக்டோபரில் ஃப்ளோரிடா அணி இவனை வேண்டாம் என்று பொதுப் பட்டியலில் போட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஆளோ எதுவுமோ தர வேண்டியதில்லை. மான்ட்ரியலின் முதன்மைக் கோல்கீப்பர் கேரி பிரைஸ் ஆட முடியாமல் இருந்த நேரம் அது, அணிக்கு அவசரமாக ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படித் தற்காலிகமாக வந்தவன்தான். மூன்று வருடம் கழித்து, சீசனின் முதல் இரவில் கோல் வாசல் அவனுடையது. அப்பா ஒன்றும் பேசவில்லை, "ம்" என்று மட்டும் தலையாட்டினார்.

முதல் பீரியடிலேயே, அதாவது ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவதிலேயே, நம் காஃபீல்ட் ஒரு கோல் அடித்தான். நான் எழுந்து குதித்ததில் கொலுப்படி ஆடியது. உள்ளேயிருந்து அம்மா, "செட்டியார் பொம்மை விழுந்துடும், மெதுவாடா!"

காஃபீல்ட் முதுகில் இந்த வருடம் 13. போன வருடம் வரை 22. 13 கொலம்பஸ் ஆட்டக்காரர் ஜானி காட்ரோவின் எண். ஆகஸ்ட் 29 அன்று நியூ ஜெர்சியில் அவரும் அவர் தம்பியும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி இறந்துபோனார்கள். மறுநாள் அவர்கள் தங்கைக்குக் கல்யாணம். காட்ரோ குள்ளமான ஆள், காஃபீல்டும் அப்படித்தான். குள்ளமானவனும் இந்த ஆட்டத்தில் பெரிய ஆளாகலாம் என்று காட்டியவனின் எண்ணை அணிந்து, சீசனின் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெற்றி கோலை அடிக்கிறான். அப்பாவுக்கு இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்கப்புறம் இரு பக்கமும் கோலே இல்லை. மீதி எல்லாம் மான்டெம்போதான்.

டொராண்டோ சாதாரண அணி இல்லை. போன சீசனில் 69 கோல் அடித்த ஆஸ்டன் மாத்யூஸ் இப்போது அவர்கள் கேப்டன். பயிற்சியாளரும் புதியவர். அலை அலையாக வந்தார்கள். கோல் வாசல் ஆறடி அகலம், நாலடி உயரம். பக் என்பது ஒரு அங்குலக் கனமும் மூன்று அங்குல விட்டமும் உள்ள கருப்பு ரப்பர் வட்டு, ஒரு சின்ன அதிரசம் அளவுதான். மான்டெம்போ முட்டி இரண்டையும் ஐஸில் ஊன்றி, கால் பேடுகளை இருபக்கமும் விரித்துக் கீழ்வாசலை அடைப்பான். மேலே வருவதற்குக் கையுறை. வட்டு பேடில் பட்டால் ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் பென்சில் கிறீச்சென்றது. இரண்டாவது பீரியட் முடிவதற்குள் அப்பா பென்சிலை ஒருமுறை சீவிவிட்டார்.

கடைசி நிமிடங்களில் டொராண்டோ தன் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுக்கொண்டு ஆறாவது ஆட்டக்காரனை இறக்கியது. அவர்கள் வாசல் காலி, நம் வாசலில் கூட்டம். அப்பா எழுந்து நின்றுவிட்டார். நான் உட்காரவே இல்லை. மணி ஒலித்ததும் எல்லாரும் மான்டெம்போ மேல் போய் விழுந்தார்கள்.

திரையில் 48 தடுப்புகள் என்று காட்டினார்கள். அப்பாவின் தாளில் 46. நடுவில் காபி வைக்கப் போனபோது விட்டது. "ரெண்டு வந்ததாடா அப்ப?" என்று என்னிடம் உறுதி செய்துகொண்டு, நிதானமாக இரண்டு கோடு சேர்த்துப் போட்டார்.

அக்கா போன் செய்தாள். அங்கே இரவு பத்து தாண்டியிருக்கும். பேசவே முடியவில்லை, சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

பீச் ரோட்டில் வண்டிகளை உள்ளே விடுவதற்கு முன் ஒரு நடை போய் வந்தோம். கடல் கலங்கிக் கிடந்தது. வழியில் அப்பாவின் பழைய பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர். நலம் விசாரிக்கும் முன்பே அப்பா சொன்னது: "கராந்த் உய்த்! ஒருத்தன் நாற்பத்தெட்டு தடுத்தான்யா, ஒண்ணு கூட விடல."

இரவு, அதே நாள்: காலைச் சந்தோஷம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். 48 அடி வாங்கிய அணி நன்றாக ஆடிய அணி இல்லை. நம் பக்கத்திலிருந்து போனது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நடு ஐஸில் வட்டைத் தொலைத்துக்கொண்டே இருந்தோம், தடுப்பாட்டக்காரர்கள் இன்னும் சின்னப் பையன்கள். இந்த வெற்றிக்குக் கிடைத்த இரண்டு புள்ளியை மான்டெம்போ ஒருவனே சம்பாதித்துக் கொடுத்தான். "நல்ல மாற்று ஆள்" என்றே மூன்று வருடமாக அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். இனி அப்படிப் பேசக் கூடாது என்பதுதான் என் கருத்து. இவன்தான் நம் கோல்கீப்பர்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

மறுநாளே பாஸ்டனில் ஆட்டம். 4-6, தோல்வி. மான்டெம்போவுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். நேற்று இரவு எழுதிய பயம் அப்படியே நடந்தது. நேற்று மறைந்திருந்த ஓட்டை எல்லாம் இன்று தெரிந்தது. நான்கு கோல் அடித்தும் தோற்பது எரிச்சல்தான், ஆனால் நான்கு அடிக்க முடிகிறது என்பதையும் பார்க்கிறேன்.

அச்சகத்தில் மெஷினைத் துடைத்து, மை டப்பாக்களை அடுக்கி, பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் வைத்துப் பூஜை முடித்தோம். வீட்டுப் பூஜைக்கு வந்தபோது அப்பாவின் கத்தரிக்கோல், என் மடிக்கணினி, அம்மாவின் அரிவாள்மனை வரிசையில் என் பக்கும் இருந்தது. மான்ட்ரியல் அணியின் சொந்த மைதானமான பெல் சென்டரின் கடையில் வாங்கியது. ஆறு வருடமாக ஷோகேஸில் தூசி படிந்து கிடந்தது. அம்மாதான் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். கருப்பு ரப்பரில் சந்தனம் சரியாக ஒட்டாமல் ஓரமாக வழிந்திருந்தது. அதன் நடுவில் குங்குமம். அணியின் சின்னமான அந்தச் சிவப்பு "சி" எழுத்தை மறைக்காமல் பார்த்து வைத்திருந்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

ராத்திரி மழை. நாலு மணிக்கு விட்டுவிட்டது. ஒட்டாவாவுடன் ஆட்டம், மறுபடியும் பெல் சென்டரில்.

4-1. நம் பக்கம்.

இந்த முறை எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிய வெற்றி, மான்டெம்போ ஒருவன் தோளில் ஏறி வந்தது இல்லை. முதல் ஆட்டத்தின் படபடப்பு இல்லாமல் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. மூன்றில் இரண்டு. இன்னும் 79 இருக்கிறது.

பார்த்து முடித்து டிவியை அணைத்துவிட்டுத் திரும்பினேன். வியாழக்கிழமைத் தாளை அப்பா தன் மெடல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார், நான்காக மடித்து. "இன்னைக்கு எண்ணலையாப்பா?" என்றேன். எண்ணினாராம், தாள் சட்டைப்பையில் இருக்கிறதாம். "செவ்வாய்க்கிழமை காலையில யாரோட ஆட்டம்?" என்று கேட்டார்.

பிட்ஸ்பர்க் என்றேன். காலண்டர் பக்கம் போய் நின்றார்.