பதினைந்து நிமிடத்துக்கு ஐந்நூறு படம்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டு அண்ணனுக்கு என் திட்டம் கடைசிவரை பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகப் பாரிஸிலேயே இருப்பவர். ஆனால் நான் பார்க்க வந்த கிரெவாங் என்ற மெழுகுச் சிலை மியூசியத்துக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. “மெழுகுப் பொம்மை பாக்கவோ தம்பி இவ்வளவு தூரம் வந்தனீர்?” என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார்.

“பொம்மைக்காக இல்லை அண்ணா. படம் வரைந்து அதை அசைய வைத்த ஒருத்தர் அந்தக் கட்டடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். அந்த இடத்தைப் பார்க்கணும்” என்றேன். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

நான் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் அனிமேஷன் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் அக்டோபர் 28 அன்று ஆபீஸில் கேக் வெட்டுவார்கள், சர்வதேச அனிமேஷன் தினம் என்று. ஏன் 28 என்று பல வருடம் நான் யோசித்ததே இல்லை, கேக்கோடு சரி. 1892-இல் அதே தேதியில், பாரிஸின் கிரெவாங் மியூசியத்தில், எமில் ரெய்னோ என்பவர் கையால் வரைந்த படங்களை அசைய வைத்துக் காசு கொடுத்து வந்த கூட்டத்துக்குத் திரையில் காட்டினார். சினிமாவைத் தொடங்கி வைத்தவர்கள் என்று சொல்லப்படும் லூமியேர் சகோதரர்களின் புகழ்பெற்ற காட்சிக்கு மூன்று வருடம் முன்னால். அது தெரிந்த பிறகு, பாரிஸ் போனால் 28-ஆம் தேதிதான் அங்கே போவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒப்பேரா மெட்ரோவில் இறங்கும்போது தூறல். அங்கிருந்து கிழக்கே போகும் அகன்ற சாலை ஒன்றேதான், ஆனால் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை பெயரை மாற்றிக்கொள்ளும். கப்யுசின், இத்தாலியன், மோன்மார்த்ர், புவாசோனியேர், போன் நுவெல். மொத்தம் இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். சினிமாவின் தொடக்கத்தில் பாதி இந்தச் சாலையில்தான் நடந்திருக்கிறது.

முதலில் கப்யுசின் பகுதியில் 14-ஆம் எண். 1895 டிசம்பர் 28 அன்று இங்கே இருந்த கிராண்ட் கஃபேயின் கீழறையில் லூமியேர்களின் படம் ஓடியது. ஆளுக்கு ஒரு ஃபிராங்க், முதல் காட்சிக்கு வந்தவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர். இன்று அது பெரிய ஹோட்டல். சுவரில் கல்வெட்டு உண்டு. அதில் ‘அசையும் புகைப்படம்’ என்று எழுதியிருக்கிறார்கள். புகைப்படம் என்ற சொல்லைக் கவனமாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அசையும் படம் என்று மட்டும் எழுதியிருந்தால் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ரெய்னோ சண்டைக்கு வந்துவிடுவார். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். பிற்பாடு சினிமா எடுத்த மெலியெஸ் மேஜிக் காட்டிய ரொபேர் ஊதான் தியேட்டரும் இதே சாலையில்தான் இருந்தது. பின்னாளில் சாலை வெட்டுவதற்காக இடித்துவிட்டார்கள், பார்க்க ஒன்றும் இல்லை.

கிரெவாங் மோன்மார்த்ர் பகுதியில் 10-ஆம் எண். பள்ளிப் பிள்ளைகள், கால்பந்து வீரர் சிலையின் தோளில் கை போட்டுப் படம் எடுப்பவர்கள் என்று உள்ளே திருவிழாக் கூட்டம். நான் ஒரு ஓரமாக நின்று என் வேலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரெய்னோ 1877-இல் பிராக்சினோஸ்கோப் என்ற விளையாட்டுச் சாமானுக்குக் காப்புரிமை வாங்கியவர். ஒரு வட்டமான டப்பா, அதன் உள்சுவரில் பன்னிரண்டு படம் வரைந்த காகிதப் பட்டை, நடுவில் பன்னிரண்டு சின்னக் கண்ணாடிகள். டப்பாவைச் சுற்றிவிட்டால் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு படம் வந்து நின்று அடுத்ததற்கு வழிவிடும். அதற்கு முன்பிருந்த சாமான்களில் சின்னத் துளை வழியாக எட்டிப் பார்க்க வேண்டும், பாதி வெளிச்சம் அதிலேயே போய்விடும். கண்ணாடி வைத்ததும் படம் பளிச்சென்று தெரிந்தது. நன்றாக விற்றது.

ஆனால் பன்னிரண்டு படத்தில் கதை சொல்ல முடியாதே. குதிரை தாண்டும், மறுபடி தாண்டும், அவ்வளவுதான். அதனால் பட்டையை டப்பாவிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நீளமாக ஓட விட்டார். ஜெலட்டின் சதுரங்களில் ஒவ்வொரு படமாக வண்ணம் தீட்டி, அரக்குப் பூசி, வரிசையாகக் கோத்து, படத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒரு துளை. சக்கரத்தின் முளை அந்தத் துளையில் மாட்டிப் பட்டையை இழுக்கும். ஃபிலிமில் துளை என்ற யோசனை அங்கேயே இருக்கிறது. ‘தெயாத்ர் ஒப்தீக்’ (ஒளி அரங்கு) என்று பெயர், 1888-இல் காப்புரிமை.

‘பாவம் பியெரோ’ என்ற படத்துக்கு 500 சதுரங்கள், 36 மீட்டர். கொலம்பீன் என்ற பெண்ணைப் பார்க்க ஆர்லெகான் என்பவன் சுவர் ஏறிக் குதிக்கிறான், பியெரோ பூங்கொத்தோடு வருகிறான், அடி வாங்குகிறான். தடியடி விழும் இடத்தில் பட்டையில் ஒரு உலோகத் துண்டு இருக்கும். அது மின்காந்தத்தைத் தட்டி எழுப்ப, சரியாக அந்த நொடியில் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். கஸ்தோன் போலான் இசை.

இங்கேதான் எனக்குக் கணக்கு இடித்தது. நாங்கள் நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று போடுவோம். அந்தக் கணக்கில் 500 படம் 42 நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் ரெய்னோவின் காட்சி ஏறக்குறைய பதினைந்து நிமிடம்!

அவர் திரைக்குப் பின்னால் நின்று கையாலேயே சுற்றினார், அதுதான் விஷயம். பின்னணித் தோட்டத்தை ஒரு விளக்கு தனியாகத் திரையில் போட்டுவிடும். அதன்மேல் ஆட்கள் மட்டும் அசைவார்கள். பியெரோ பாடும்போது நிறுத்துவார். பாட்டு முடிந்ததும் நகர்த்துவார். ஒரே பத்துப் படத்தை முன்னும் பின்னும் ஓட்டித் தயங்க வைப்பார். கூட்டம் சிரித்தால் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கலாம், அடியை இன்னொரு முறைகூடக் காட்டலாம். இணையத்தில் இருக்கும் மீட்டெடுத்த படம் நாலைந்து நிமிடத்தில் முடிகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை, அந்தக் காலத்துக்கு நல்ல முயற்சி’ என்று கமெண்ட் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாம் பார்ப்பது பட்டையை மட்டும்தான், அதை ஓட்டிய கை அதில் இல்லை.

அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது. மாதம் 500 ஃபிராங்க், வசூலில் பத்து சதவீதம் என்று ஒப்பந்தம். தினமும் பல காட்சி, ஞாயிறென்றால் இன்னும் அதிகம். கிழிந்த பட்டையைத் தைப்பதும் புதுப் படம் வரைவதும் அவர் பொறுப்புதான். 1900 வரை 12,000-க்கும் மேற்பட்ட காட்சிகள், பார்த்தவர்கள் ஐந்து லட்சம். முன்வரிசையில் உட்கார்ந்தவருக்குக்கூட அவர் முகம் தெரிந்திருக்காது.

லூமியேர் வந்ததும் நிலைமை மாறியது. அவர்கள் ஒரு நிமிடத்தில் எடுப்பதை இவர் மாதக்கணக்கில் வரைய வேண்டும். இவரும் கேமரா பிடித்துப் பார்த்தார். 1896-இல் ஃபுட்டிட், ஷொக்கோலா என்ற இரண்டு சர்க்கஸ் கோமாளிகளை எடுத்தார். ஆனால் எடுத்ததைச் சும்மா விடவில்லை. வேண்டிய ஃபிரேமை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் திருத்தி, வண்ணம் தீட்டி... வேலையின் பழக்கம் அது, எனக்குப் புரிகிறது. 1910-க்குப் பிறகு, மனம் வெறுத்து, பெரும்பாலான பட்டைகளை அவரே கொண்டுபோய் சேன் நதியில் வீசினார். 1918-இல் இறந்தார். மிஞ்சியவை ‘பாவம் பியெரோ’வும், கடற்கரைக் கதை ஒன்றும். அந்தக் கடற்கரைக் கதையின் கடைசியில் ஒரு படகு வரும், அதன் பாயில் ‘காட்சி முடிந்தது’ என்று எழுதியிருக்கும்.

மியூசியத்தின் வெளிவாசல் ஜூஃப்ருவா என்ற கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருவில் கொண்டு விடுகிறது. அங்கே ஒரு பொம்மைக் கடையில் அட்டையில் செய்த பிராக்சினோஸ்கோப் கிடைத்தது. விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.

இன்னும் கிழக்கே, போன் நுவெலில் ஜிம்னாஸ் தியேட்டர். 1908 ஆகஸ்ட் 17 அன்று எமில் கோல் வரைந்த ‘ஃபான்டாஸ்மகோரி’ என்ற அனிமேஷன் படம் இங்கேதான் முதலில் ஓடியது. கோல் கேலிச்சித்திரக்காரர், அனிமேஷனுக்கு வந்தபோது ஐம்பது தாண்டியவர். ஏறத்தாழ 700 ஓவியம், வெள்ளைக் காகிதத்தில் கறுப்புக் கோடு. நெகட்டிவாக அச்சிட்டதில் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தது போல ஆகிவிட்டது. ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேம் எடுத்தார். இன்றும் எங்கள் டீம் லீட் ‘டூஸ்ல போடு’ என்று சொல்வது அதேதான். பாட்டில் பூவாகிறது, யானை வீடாகிறது, எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். ரெய்னோவை விட 200 படம் அதிகம் வரைந்தும் நேரம் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றுவது இப்போது மெஷின், அது யார் சிரிப்புக்கும் நிற்காது. படம் பிரமாதம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தியேட்டர் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது என் மனம் என்னவோ பழைய ஆளிடமே போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஃபோபூர் சேன் தெனி தெருவைப் பிடித்து வடக்கே நடந்தேன். அது நேராக லா ஷப்பேலுக்கே வந்துவிடும். தமிழில் எழுதிய கடைப் பலகைகள் தென்பட்டபோது காலுறை முழுக்க நனைந்திருந்தது.

இரவு சாப்பாட்டு மேசையில் அந்த அட்டைச் சாமானை மாட்டினோம். சுற்றினால் எல்லாம் ஒரே மங்கல். அரை மணி நேரம் குறிப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்த பிறகுதான் தெரிந்தது, கண்ணாடிகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் உரிக்கவே இல்லை. பன்னிரண்டையும் நகத்தால் உரித்து, மேலே போன் டார்ச்சைப் பிடித்துச் சுற்றினேன். கயிறு தாண்டும் சிறுமி. தாண்டினாள், தாண்டிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். வேகமாகச் சுற்றினார், மெதுவாகச் சுற்றினார், பிறகு எதிர்ப்பக்கம். கயிறு பின்னால் போனது. நிறுத்தினார். சிறுமி அந்தரத்தில் நின்றாள். ஒரு விரலால் தட்டிக் கீழே இறக்கினார், திரும்ப மேலே ஏற்றினார்.

“குடுங்கோ அண்ணா” என்று அவர் பாணியிலேயே கேட்டேன்.

“நில்லும் தம்பி” என்றார், கண்ணை எடுக்காமல்.