பிரிட்டிஷ் வசவுகள்: பிறப்பும் உச்சரிப்பும்

'பெர்க்' என்று ஒருவரைத் திட்டினால் இன்றைய பிரிட்டனில் 'முட்டாள்' என்ற அளவுக்குத்தான் சுடும். பிறப்போ படுகாரமானது. கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் 'காக்னி' பேச்சில், சொல்ல நினைத்த சொல்லோடு ஓசை ஒத்துவரும் ஒரு தொடரை எடுத்துக்கொண்டு, ஒத்துவரும் பாதியையே வெட்டிவிடுவார்கள். 'பெர்க்லி ஹன்ட்' ஒரு நரிவேட்டைக் குழு. 'ஹன்ட்' ஒத்துவருவது பெண்ணுறுப்பைச் சொல்லும், ஆங்கிலத்திலேயே மிகக் கடுமையான வசவோடு. அந்தப் பாதி போனதும் மிஞ்சிய 'பெர்க்லி' மேலும் குறுகி 'பெர்க்' ஆனது. குளஸ்டர்ஷரில் உள்ள பெர்க்லி ஊரை ஆங்கிலேயர் 'பாக்லி' என்பார்கள். வசவு மட்டும் எழுத்தின் வழியே போய்விட்டது. உச்சரிக்கும்போது 'பஸ்'ஸில் வரும் ப. ரகரம் ஒலிக்காது, உயிர் மட்டும் நீளும்.

எரிச்சலூட்டும் ஆளைத் திட்டும் 'கிட்' என்பதற்குக் கிட்டாரின் முதல் ஒலி வேண்டும். கடைசியில் நம் வழக்கப்படி உகரம் சேர்ந்து 'கிட்டு' ஆகிவிட்டால் யாருக்கும் புரியாது. முறை தவறிப் பிறந்த பிள்ளையைக் குறித்த 'கெட்' என்ற சொல்லின் திரிபு இது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 'கெட்' இன்னும் உயிரோடு இருக்கிறது.

நமக்குப் பெரிதும் தடுக்குவது, சுயஇன்பம் செய்பவன் என்று பொருள்படும் 'வேங்கர்'. தமிழில் ங-வை அடுத்த க மென்மையாகிவிடும். இங்கே வல்லினமாகவே வெடிக்க வேண்டும். டேங்கர் லாரியை நினைத்துக்கொண்டால் சரியாக வரும். தொடக்கத்தில் பல் உதட்டைத் தொடக் கூடாது, உதடு குவிய வேண்டும். முட்டாளைச் சொல்லும் 'பிளாங்கர்' என்பதற்கும் இதே க.

'டுவேட்' பிரிட்டனில் பெரும்பாலும் கிரிக்கெட் 'பேட்' போல ஒலிக்கும். 'டுவாட்' அமெரிக்கர் வாயில் வருவது. இதுவும் பெண்ணுறுப்பின் பெயர்தான். 1660இல் அச்சான ஒரு நையாண்டிப் பாட்டு, கார்டினலின் 'ஹேட்'டுக்கு, அதாவது தொப்பிக்கு, இயைபாகக் கன்னியாஸ்திரீயின் 'டுவேட்'டை வைத்தது. அதைத் தலையணி என்று நம்பிய கவிஞர் ராபர்ட் பிரௌனிங், 1841இல் தம் கவிதை நாடகம் ஒன்றில் வௌவாலைக் குறிக்கும் 'பேட்ஸ்' என்ற சொல்லுக்கு இயைபாக அதைப் போட்டார். பொருள் தவறினாலும் ஒலி தவறவில்லை.

பிறப்பை வைத்துக் காரத்தை அளக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2016இல் 'கிட்'டை லேசான சொற்களிலும் 'டுவேட்'டைக் கடுமையானவற்றிலும் வைத்தது. 'பெர்க்'கின் வேர் அதைவிடக் கடுமையானது. ஆனாலும் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.