ஹெட்லைட் மங்கவில்லை, வண்டியும் கிளம்பவில்லை

செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்கு டயாலிசிஸ். பாளையங்கோட்டையில் காலை 6 மணிக்கு முதல் ஷிப்ட். தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்பதால் நாலரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பினேன். ‘டிக்’. மறுபடி திருப்பினேன், மறுபடி ஒரு ‘டிக்’. அம்மா பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். ஒருநாள் தள்ளிப்போனாலே அவளுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அன்று வாடகைக் கார் பிடித்துத்தான் போனோம்.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. நாலு மாதத்துக்கு முன்னாலும் இதே ‘டிக்’தான். பேட்டரி போய்விட்டது என்றார்கள், நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதிது போட்டேன். அதற்குள் அதுவும் போய்விட்டதா?

சனிக்கிழமை எங்கள் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்தார். பானெட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்டது: “செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குதா தாயி?” நான் கவனித்ததே இல்லை. லைட்டைப் போட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சாவியைத் திருப்பினேன். ‘டிக்’. சுவரில் வெளிச்சம் துளியும் குறையவில்லை.

“அப்ப பேட்டரி மேல பழி போடாதிய. கரண்டு செல்ஃபுக்கே போய்ச் சேரலைலா” என்றார்.

இந்த ஒரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். பேட்டரி சக்தி இழந்திருந்தால், ஸ்டார்ட்டர் (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார், அண்ணாச்சி சொன்ன ‘செல்ஃப்’) இழுக்கிற இழுப்பில் ஹெட்லைட் சுருண்டுவிடும். லைட் அப்படியே எரிந்து ‘டிக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியிலோ, திரும்பி வரும் வழியிலோ, ஸ்டார்ட்டரிலேயோதான் கோளாறு. பேட்டரிக் கட்டையை, அதாவது மேலே துருத்தியிருக்கும் ஈய முனையை, பிடித்திருக்கும் கிளாம்பே லூஸ் என்றால் கதை வேறு: அது எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் என்பதால் லைட், ஹாரன், மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்தே அணையும், கையால் அசைத்தால் திரும்ப வரும்.

அடுத்து மல்டிமீட்டர். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் தினமும் மாணவர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்கிறவள் நான். வண்டியில் அதன் முனைகளை எங்கே வைக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். தம்பி சாவியைத் திருப்ப, பேட்டரியில் 11.8. அதுவும் நல்ல பேட்டரிதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு அண்ணாச்சி ஒரு முனையை மைனஸ் கட்டையிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்தார். தம்பி திருப்பினான். மீட்டரில் 7.2.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேட்டரியின் மைனஸும் இன்ஜினும் ஒரே கம்பியால் இணைந்தவை. அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது. பேட்டரி தந்த 11.8இல் 7.2 எர்த் இணைப்பிலேயே, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியிலேயே, காலியாகி, மிஞ்சிய 4.6தான் ஸ்டார்ட்டருக்கு. அதை வைத்துக்கொண்டு அது எப்படிச் சுற்றும்?

அண்ணாச்சி கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. நேர்வழி அடைபட்டதால் கரண்ட் கிளட்ச் கேபிளின் எஃகுக் கம்பி வழியாக பாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. காரணம் தெரியாமல் கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் அடிக்கடி இறுகிப்போகும் பழைய வண்டி உங்களிடம் இருந்தால், எர்த்தைப் பாருங்கள்.

குற்றவாளி கீழே இருந்தது. மைனஸ் கிளாம்பிலிருந்து இரண்டு கம்பிகள்: மெல்லியது பாடிக்கு, தடித்தது கியர்பாக்ஸ் போல்ட்டுக்கு. மெல்லியது நன்றாக இருந்ததால்தான் லைட் மங்கவில்லை. தடித்ததன் லக் (கம்பி நுனியில் போல்ட் மாட்டும் உலோக வளையம்) வெளியே பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது அடியில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. எங்கள் வீட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரு சாலைதான். காற்றே உப்பு. புது பேட்டரி போட்டவர் கம்பியை அசைத்ததில் லக் சற்று நகர்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நாலு மாதத்தை பேட்டரியின் புண்ணியம் என்று நம்பியிருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு சொல்ல வேண்டும். ஓர் இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை என்று வையுங்கள். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர் ஓடினால் அங்கே இழப்பு 0.09 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தால் அதே இடத்தில் 1.5 வோல்ட் போய்விடும். சும்மா நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்து “எல்லாம் சரி” என்று சொல்வதில் பொருளில்லை. சாவியைத் திருப்பும் அந்த இரண்டு விநாடியில்தான் உண்மை தெரியும். பிளஸ் பக்கமும் இப்படித்தான்: கட்டையிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட் வரை 0.5க்குள் இருக்க வேண்டும். கட்டைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்யம். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, கை ஃபேன் பக்கம் போகாமல் பாருங்கள்.

சுத்தம் செய்வது எளிது. முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனர் பழுக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றினால் வெடிக்கவும் செய்யும். கட்டையைச் சுற்றிப் பூக்கும் வெள்ளைப் பொடி ஈய சல்பேட், நீலப்பச்சை என்றால் செம்பு சல்பேட். கசியும் அமிலத்தின் வேலை அது. வெறும் கையால் தொடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்து ஊற்றினால் பொங்கி அடங்கும். பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் இறங்கிவிடக் கூடாது. பிறகு நல்ல தண்ணீர், துடைப்பு, உப்புத்தாள். ஈயமும் செம்பும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின். கோகோ கோலா ஊற்றலாம் என்பார்கள். அது ஓர் அமிலம், சர்க்கரைப் பிசுக்கும் ஒட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வண்டியில் வேறு மாதிரி. எவ்வளவு இறுக்கினாலும் கிளாம்ப் கையால் சுற்றியது. பேட்டரிக் கட்டைகளில் இரண்டு அளவு உண்டு: தடித்ததில் பிளஸ் 19.5 மில்லிமீட்டர், ஜப்பானிய மெல்லிய வகையில் 14.7. மெல்லிய கட்டையில் தடித்த கிளாம்பை மாட்டி, நடுவே தகரத் துண்டைச் செருகியிருந்தார்கள். தகரம் துருப்பிடித்துப் பழையபடி. சரியான அளவுக் கிளாம்ப் போட்டதும் தீர்ந்தது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். வோல்ட்டேஜ் திடீரென்று எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. போய்விடலாம். ஓடும் வண்டியில் பேட்டரியின் இரு கட்டைகளிலும் மீட்டரை வைத்தாலே போதும், 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது.

அண்ணாச்சி கியர்பாக்ஸ் இரும்பை உப்புத்தாளால் தேய்த்து, புது லக் அடித்து, போல்ட்டை இறுக்கினார். தம்பி சாவியைத் திருப்பினான். உடனே பிடித்தது. மைனஸ் கட்டைக்கும் இன்ஜினுக்கும் நடுவே இப்போது மீட்டரில் 0.11. அந்த எண்ணையும் தேதியையும் பானெட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தேன். நேற்று மறுபடி பார்த்தேன், 0.12. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த போல்ட்டை இன்னொரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும். நாளை செவ்வாய், நாலரைக்குக் கிளம்ப வேண்டும்.