தோட்டத்தைத் தொலைக்கப் பார்த்த வரி

தமிழில் பெயரிட்ட கோப்புகளைத் தேடித் தரும் சிறிய திறமூல நிரல் ஒன்றைப் பராமரிக்கும் நால்வரில் நானும் ஒருத்தி. வேலை முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அதில் உட்கார முடிகிறது. சென்ற மாதம், பிறர் அனுப்பிக் குவிந்து கிடந்த துப்புரவுப் பேட்ச்சுகளை, அதாவது நிரல் திருத்தங்களை, பார்த்து முடிப்பதென்று தீர்மானித்தேன். மொத்தம் 17. பயன்படாத மாறியை நீக்குவது, குறிப்புகளில் எழுத்துப்பிழை திருத்துவது போன்றவைதான். 16 பேட்ச்சுகள் இரண்டே இரவுகளில் முடிந்தன.

மிச்சமிருந்த ஒன்று பட்டர்வொர்த்தில் படிக்கும் ஒரு தம்பி அனுப்பியது. அது அவருடைய முதல் பங்களிப்பு. 38 கோப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் மாறியிருந்தன. டேப்புகளை இடைவெளிகளாக்கியிருந்தார், கூடவே தேவையற்றவை என்று தோன்றிய வரிகளையும் எடுத்திருந்தார். "நிரலின் போக்கில் மாற்றமில்லை" என்று எழுதியிருந்தார். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகள் எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி.

இந்த இடத்தில்தான் கை ஒப்புதல் பொத்தானுக்குப் போகும். நான் இடைவெளி மாற்றங்களை மறைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஆயிரம் வரிகள் 11 ஆகச் சுருங்கின. பத்தில் குறையில்லை. பதினோராவது, தேடும் முன் கோப்புப் பெயரை யூனிகோட்டின் (எழுத்துகளுக்கு எண் குறி தரும் உலகத் தரத்தின்) ஒருங்கிணைந்த வடிவத்துக்கு, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து, மாற்றும் வரி. அதை நீக்கியிருந்தார்.

அந்த வரி ஏன் வந்தது என்று பழைய கமிட்டை, அதாவது நிரல் மாற்றத்தின் பதிவை, தேடினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரே வாக்கியம் எழுதி வைத்திருந்தார்: "மேக் வட்டிலிருந்து வரும் பெயர்களில் ஓகாரம் உடைகிறது." அவர் யாரென்று தெரியாது, அந்த வாக்கியத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களை உடைத்தே சேமிக்கும். 2017இல் புதிய முறை வந்துவிட்டாலும் பழைய வட்டுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

'தோட்டம்' என்று நாம் தட்டச்சு செய்தால் வழக்கமாக ஏழு யூனிகோட் குறிகள். ஓகாரக் குறி அதில் ஒன்று. பழைய மேக் வட்டில் அந்த ஓகாரம் இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரிந்துவிடும், குறிகள் எட்டாகும். இவற்றைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முதலாவது 21 பைட்டுகள், மற்றது 24. திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. நிரலுக்கோ இரண்டும் வேறு சொற்கள். நம் சோதனைக் கோப்பில் இருந்தவை 'மலர்', 'படம்', 'விழா'. மூன்றிலும் ஒகர ஓகாரம் கிடையாது, அதனால்தான் பச்சை. அது எங்கள் குறை, தம்பியுடையது அல்ல.

இந்த நிரலைப் பயன்படுத்துபவர்களில் பலர் பழைய குடும்பப் படங்களைத் தேடுபவர்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெற்றோரின் படங்களுக்கு நம் ஆட்கள் என்ன பெயர் வைத்திருப்பார்கள்? அந்தச் சொல்லையே தேடி, "எதுவும் கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் யார்தான் தாங்குவார்கள்?

தம்பிக்குப் பொறுமையாக எழுதினேன். பேட்ச்சை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன்: இடைவெளிகள் தனி, நீக்கங்கள் தனி. உடைந்த வடிவில் 'தோட்டம்', 'கொடி' இரண்டையும் சோதனையில் சேர்த்து, அவருடைய மாற்றத்தோடு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். காரணத்தை நான் சொல்லிவிடலாம்தான். ஆனால் சிவப்பை அவரே பார்ப்பது மேல் என்று பட்டது. மறுநாள் மதியமே பதில் வந்தது: "அக்கா, இரண்டும் தோற்றுவிட்டன. வரியைத் திரும்ப வைத்து, ஏன் வேண்டும் என்று மேலே குறிப்பும் எழுதிவிட்டேன்."

இடைவெளி கமிட்டை அப்படியே சேர்த்தோம். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள், 2019இல் வந்த 2.23 பதிப்பு முதல், இத்தகைய கமிட்டுகளை ஒரு கோப்பில் பட்டியலிட்டுக் காட்டினால், எந்த வரியை யார் எழுதினார் என்று தேடும்போது அவற்றைத் தாண்டிப் போகும். அதில் இதையும் எழுதிவைத்தேன். இல்லையென்றால் எல்லா வரிகளுக்கும் தம்பியின் பெயரே வந்து, அந்த ஆறு ஆண்டு வாக்கியத்தை அடுத்தவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

நேற்றிரவு தம்பி இன்னொன்று கேட்டிருக்கிறார். 'கௌரி' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு 'கெளரி' என்று எழுதுகிறார்களே, அதை இந்த வரி சரிசெய்யுமா என்று. செய்யாது, யூனிகோட் கணக்கில் அவை தொடர்பே இல்லாத இரண்டு எழுத்துகள். சனிக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.