கியர்பொக்ஸ் முடிந்தது என்றார்கள், மடங்கிக் கிடந்தது ஒரு ரப்பர் குழாய்

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதுவரை என் பழைய ஒட்டோ கியர் கார் ஒழுங்காகத்தான் ஓடும். ஏ-9 வீதியில் ஏறிக் கனகராயன்குளத்தை நெருங்கும்போது தொடங்கும். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுகையில் எஞ்சின் இரையும், வேகம் ஏறாது, கருகல் மணம் வரும். அரை மணித்தியாலம் மர நிழலில் விட்டால் பிறகு சரியாகிவிடும். அம்மாவை வவுனியாவுக்குக் கிளினிக் கொண்டுபோகிற கார். நடுவழியில் அவவை வெயிலில் இருத்தியது இன்னும் மனதுக்குள் கிடக்கிறது.

வவுனியாவில் முதல் கராச்சில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். அதற்குள் கியர்ப் பெட்டி ஆறிவிட்டது. ஒழுங்கைக்குள் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, பிழை ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஒரு நாள் வீண். சூட்டில் வரும் பிழையைச் சூட்டோடுதான் காட்ட வேண்டும். காத்திருக்கச் சொன்னால் மறு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

இரண்டாவது இடத்தில் ஒயிலை மணந்து பார்த்தவுடன் தீர்ப்பு வந்தது. "தம்பி, பெட்டி முடிஞ்சுது. றிகண்டிசன் ஒண்டு போடுங்கோ." ஒயில் கறுத்திருந்தது உண்மைதான். ஏன் கறுத்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எஞ்சின் சூட்டு முள் நடுவில் நின்றதால் ரேடியேற்றர் பக்கம் எவரும் திரும்பவும் இல்லை. அந்த முள் காட்டுவது எஞ்சின் தண்ணீரின் சூட்டை மட்டும். கியர் ஒயிலின் சூட்டை அது காட்டாது.

கடைசியில் மாங்குளத்தில், அறுவடை மெசின் திருத்தும் ஒரு அண்ணை. அவர் கேட்ட முதல் கேள்வி: "இதில கடைசியா என்ன வேலை செய்தனீங்கள்?"

நாலு மாதத்துக்கு முன் ரேடியேற்றர் மாற்றியிருந்தேன். என் காரில் கியர் ஒயில் ஆறுவது ரேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கும் கூலரில்தான்.

ஒட்டுசுட்டான் வரை ஓடித் திரும்பினோம். காரின் கணினியில் செருகிப் பார்க்கும் ஸ்கானரில் கியர் ஒயில் சூடு 128 பாகை. 80க்கும் 95க்கும் இடையில் நிற்க வேண்டியது. பளபளக்கும் குழாயில், தொடாமல் அளக்கும் சூட்டுமானி பிழையாகக் காட்டும் என்று கறுப்பு ரேப் சுற்றிவிட்டு அளந்தார். கூலருக்குப் போகும் குழாய் 121, திரும்பும் குழாய் 58. கூலர் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன். அண்ணை இல்லை என்று தலையாட்டினார். "ஒயில் ஓடினா இவ்வளவு ஆறாது. தேங்கித் தேங்கிப் போகுது."

திரும்பும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு, 20 செக்கன் மட்டும் எஞ்சினை ஓடவிட்டார். ஒரு லீற்றர் அளவில் வந்திருக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பை அளவுக்கும் வரவில்லை. (இதை நீங்களாகச் செய்யாதீர்கள். கொதிக்கும் ஒயில், அதோடு பெட்டியும் வறண்டுபோகும்.)

ரோர்ச் அடித்துக் கீழே பார்த்தோம். ரேடியேற்றர் மாற்றியவர் குழாயை நீளமாக வெட்டி, தகட்டுக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்தார். மடிந்த இடம் தட்டையாகி, ஓரம் வெள்ளையாக வெடித்திருந்தது. பெட்டி மாற்றியிருந்தால் அதுவும் இதே குழாயில் கருகியிருக்கும்.

புதுக் குழாய் போட்டோம். ஒருமுறை வடித்தால், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ரோர்க் கொன்வேற்றருக்குள் உள்ள ஒயில் வராது, அதனால் இடைக்கிடை ஓடவிட்டு மூன்றுமுறை மாற்றினோம். எந்த ஒயில் என்பது என் காரில் அளவுக் கம்பியிலேயே பொறித்திருக்கிறது. கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

போன கிழமை அம்மாவோடு வவுனியா போய்வந்தேன். ஓமந்தையில் ஸ்கானரைப் பார்த்தேன், 91. அம்மா பின் சீற்றில் நித்திரை.